நொடிப்பு மனுவும் வக்கீல் தெரிவும்

நம் பக்கத்துக் கிராமங்களில் ஒருவர் கடனைத் தீர்க்க வழியின்றி நீதிமன்றத்தை நாடினால், "மஞ்சள் கடுதாசி கொடுத்துவிட்டார்" என்பார்கள். சற்று விவரம் தெரிந்தவர்கள் "ஐ.பி. போட்டுவிட்டார்" என்பார்கள். இகழ்ச்சி கலந்த இச்சொற்களுக்குப் பின்னே 1920ஆம் ஆண்டின் மாகாண நொடிப்புச் சட்டம் நிற்கின்றது. நாணயமாக உழைத்தும் காலக்கேட்டினால் கடனில் மூழ்கியவருக்கு ஒரு கரை வேண்டும் என்பதே அச்சட்டத்தின் கருத்து. ஆனால் அக்கரைக்குச் செல்லும் வழியை அறியாதவர்கள் தக்க துணையின்றி இறங்கி, இருந்ததையும் இழப்பதைச் சங்கக் கணக்குகளைப் பார்வையிடும்போது நாம் காண்கின்றோம். ஆதலின், இம்மனுவை எப்போது போடலாம், அதற்கு வக்கீலை எவ்வாறு தேடி அமர்த்துவது என்பது பற்றி அங்கத்தினர்களுக்குச் சிறிது விரிவாகவே எழுதலாமென்று கருதினோம்.

கடன் என்பது நமக்குப் புதிய பொருளன்று. பிரெடரிக் நிக்கல்சன் 1895லும் 1897லும் சென்னை அரசாங்கத்துக்குக் கொடுத்த அறிக்கை, விவசாயியின் கடன் துயரைத் தீர்க்க வழி தேடிய அறிக்கையே. 1904இல், அப்போது செங்கற்பட்டு ஜில்லாவைச் சேர்ந்திருந்த திரூரில் கூட்டுறவுக் கடன் சங்கம் தோன்றியதும் அக்காரணம் பற்றியே. எனவே கடனாளியான அங்கத்தினரை இழிவாக நோக்குவது கூட்டுறவாளருக்கு அழகன்று. இது நிற்க.

முதற்கண் எந்தச் சட்டம் நமக்கு உரியது என்பதைத் தெளிவாக்கிக் கொள்ள வேண்டும். இங்கேயே பலர் தவறுகின்றனர். 2016இல் மத்திய அரசு நொடிப்புப் பற்றிப் புதிய தொகுப்புச் சட்டம் ஒன்றை இயற்றியது. பத்திரிகைகளில் நாள்தோறும் அடிபடுவது அதுவே. ஆனால் அது பெரும்பாலும் கம்பெனிகளுக்கு உரியது. தனிமனிதரைப் பற்றிய அதன் பகுதி, கம்பெனிகளின் கடனுக்குத் தம் பெயரில் ஜாமீன் நின்றவர்களுக்கு மட்டுமே 2019 டிசம்பர் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. நெசவாளருக்கும் விவசாயிக்கும் அது இன்னும் வந்து சேரவில்லை. ஆண்டு வருமானம் அறுபதாயிரத்துக்கு மேற்படாத ஏழைக்கு முப்பத்தையாயிரம் ரூபாய் வரையிலான கடனைத் துடைக்கும் எளிய முறை ஒன்றும் அதில் எழுதப்பட்டுள்ளது. அது ஏட்டளவில் நிற்கின்றது. சென்னைப் பட்டணத்துக்கோ 1909ஆம் ஆண்டின் வேறொரு சட்டம்; அங்கே உயர்நீதிமன்றமே நொடிப்பு வழக்குகளைக் கேட்கின்றது. மாமல்லபுரம், திருக்கழுக்குன்றம், மதுராந்தகம், செய்யூர் ஆகிய நம் பகுதிகளில் வாழ்பவருக்கு உரியது 1920ஆம் ஆண்டுச் சட்டமே. மனுவும் அவர் வசிக்கும் அல்லது தொழில் நடத்தும் எல்லைக்குரிய மாவட்ட நீதிமன்றத்திலோ, அதிகாரம் பெற்ற சார்பு நீதிமன்றத்திலோ போடத் தக்கது. கிழக்குக் கடற்கரைச் சாலையில் பஸ் ஏறிச் சென்னையில் பெயர் பெற்ற ஒருவரைத் தேடிப் போகும் அன்பர்கள் இதை நினைவில் வைக்க வேண்டும். உயர்நீதிமன்றத்தில் கம்பெனி வழக்கு நடத்துபவர் எத்துணை வல்லவராயினும், செங்கற்பட்டு நீதிமன்றத்தில் மாதந்தோறும் வாய்தாவுக்கு வரமாட்டார். அவருடைய ஜூனியர் ஒருவர் வருவார், அல்லது ஒருவரும் வாரார்.

சட்டத்தின்படி, கடனைத் தீர்க்கச் சக்தியற்றவராய் இருப்பவர் மனுச் செய்யலாம். அவருடைய கடன் ஐந்நூறு ரூபாய்க்குக் குறையாதிருத்தல் வேண்டும். அல்லது டிக்கிரியின்பேரில் அவர் கைதாகியிருத்தல் வேண்டும். அல்லது அவர் சொத்தின்மேல் ஜப்தி இருத்தல் வேண்டும். ஐந்நூறு என்பது 1920இல் பெருந்தொகை. இன்றோ எவருக்கும் அது தடையாகாது. உண்மையான தடை "தீர்க்கச் சக்தியற்றவர்" என்ற சொல்லில் இருக்கின்றது. நம் கடற்கரைப் பகுதியில் நிலத்தின் விலை ஏறியிருப்பதை அங்கத்தினர்கள் அறிவார்கள். சவுக்கும் தர்ப்பூசணியும் போட்ட மணற்பாங்கான நிலம் இப்போது மனைக் கணக்கில் பேசப்படுகின்றது. சாலையோரம் பத்துச் சென்ட் வைத்திருக்கும் ஒருவர் மூன்று லட்ச ரூபாய் கடனுக்காக நொடிப்பு மனுப் போட்டால், "இவருக்குத் தீர்க்கச் சக்தி உண்டு" என்று நீதிமன்றம் மனுவைத் தள்ளிவிடலாம். நிலத்தின் மதிப்பை முதல் நாளே கேட்டறியாத வக்கீல் நல்ல வக்கீல் அல்லர்.

ஒரு கணக்கைப் பார்ப்போம். இது விளக்கத்துக்காக நாம் அமைத்துக்கொண்டதே. நெசவாளர் ஒருவருக்குச் சங்கத்தில் ஐம்பதாயிரம், நூல் வியாபாரியிடம் தொண்ணூறாயிரம், இருவரிடம் புரோநோட்டின்பேரில் ஒரு லட்சத்து நாற்பதாயிரம், நகை அடகில் அறுபதாயிரம் கடன் என்று கொள்வோம். மொத்தம் மூன்று லட்சத்து நாற்பதாயிரம். நகையை ஈடாகப் பெற்றவர் தம் ஈட்டைக்கொண்டு தம் பணத்தைப் பெற்றுக்கொள்ளலாம். நொடிப்பு அவரைத் தொடுவதில்லை. நிலத்தையோ வீட்டையோ அடமானம் பெற்றவருக்கும் அவ்வாறே. ஆக, ஈடற்ற கடன் இரண்டு லட்சத்து எண்பதாயிரமே நொடிப்புக் கணக்கில் வரும். "ஐ.பி. போட்டால் எல்லாக் கடனும் போய்விடும்" என்று ஒருவர் சொன்னால், அவர் சட்டத்தைப் படிக்கவில்லை, அல்லது படித்தும் மறைக்கின்றார்.

நொடித்தவரென்று உத்தரவானதும் அவர் சொத்து நீதிமன்றத்தையோ ரிசீவரையோ சாரும். கடன்காரர் எவரும் நீதிமன்ற அனுமதியின்றித் தனித்து நடவடிக்கை எடுத்தல் கூடாது. எனினும் எல்லாம் போய்விடுவதில்லை. ஜப்திக்கு உட்படாதவை என்று உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 60ஆம் பிரிவு சொல்லும் பொருள்கள் நொடிப்பிலும் கடனாளிக்கே நிற்கும். உடுக்கும் துணி, சமையற் பாத்திரம், படுக்கை, கைத்தொழிலாளியின் கருவிகள், விவசாயியின் ஏரும் பிழைப்புக்கு வேண்டிய மாடும் விதைத் தானியமும் அவற்றுள் அடங்கும். விவசாயி குடியிருக்கும் வீட்டுக்கும் அப்பிரிவில் பாதுகாப்பு உண்டு. ஆனால் நெசவாளரின் வீடு? அச்சட்டம் விவசாயி, கூலியாள், வீட்டு வேலையாள் என்று மூவரையே சொல்கின்றது. சொந்தத் தறியில் கூலிக்கு நெய்பவர் கூலியாள் ஆவாரா என்பது வாதத்துக்குரியது. தறி கைத்தொழிலாளியின் கருவி என்ற வாதமும் எடுத்துச் சொல்லப்பட வேண்டும். எவரும் சொல்லாவிடில் நீதிமன்றத்துக்குத் தானே தெரிந்துவிடாது. இவ்விரண்டு கேள்விகளையும் வக்கீலிடம் கேளுங்கள். அவர் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்து விடை சொல்பவரானால் மகிழுங்கள். புரட்டாமலே "எல்லாம் பார்த்துக்கொள்ளலாம்" என்றால் எழுந்து வந்துவிடலாம்.

வக்கீலை அளக்க இதைவிடப் பெரிய சோதனை ஒன்று உண்டு. முதல் சந்திப்பில் அவர் கேட்பது எது என்று கவனியுங்கள். நல்லவர், கடன்காரர் ஒருவர்கூட விடுபடாமல் பட்டியலையும், ஒவ்வொருவருக்கும் எழுதிக்கொடுத்த பத்திரத்தையும், சொத்தின் பட்டா முதலியவற்றையும் கேட்பார். பிறகு, "சென்ற இரண்டு ஆண்டுகளில் எதையாவது விற்றீர்களா, எவருக்காவது எழுதிவைத்தீர்களா?" என்று கேட்பார். அக்கேள்விக்குக் காரணம் இருக்கின்றது. மனுவுக்கு முன் இரண்டு ஆண்டுகளுக்குள், நாணயமான கிரயமின்றி மாற்றிய சொத்தை நீதிமன்றம் திரும்பப் பெறலாம். மூன்று மாதங்களுக்குள் ஒரு கடன்காரருக்கு மட்டும் சலுகையாகக் கொடுத்ததும் செல்லாததாகலாம். மற்றொரு வகை வக்கீலோ, அவருக்காகப் பேசும் தரகரோ, "முதலில் நிலத்தை மைத்துனர் பெயருக்கு எழுதிவிடுங்கள், பிறகு மனுப் போடலாம்" என்பார். இந்த யோசனைக்குச் செவிசாய்த்தவர் நிலத்தையும் இழப்பார். கடனிலிருந்து விடுதலையையும் இழப்பார். சொத்தை மோசடியாக மறைத்தது மெய்ப்பட்டால் ஓராண்டு வரை சிறையும் உண்டு. மைத்துனர் திருப்பி எழுதித் தருவாரா என்பது இன்னொரு கவலை. அது சட்டத்தின் பாற்பட்டதன்று.

தரகர்களைப் பற்றி ஒரு வார்த்தை. வக்கீல் தாமே விளம்பரம் செய்தும் ஆள் அனுப்பியும் கட்சிக்காரரைத் தேடக் கூடாது என்பது அகில இந்திய வக்கீல் மன்றத்தின் விதி. நீதிமன்ற வாயிலில் கையைப் பிடித்து அழைப்பவரும், தொலைபேசியில் "உங்கள் கடனைப் பாதியாக்கித் தருகின்றோம்" என்பவரும் வக்கீல்கள் அல்லர். வக்கீல்கள் சட்டத்துக்கு 2023இல் செய்த திருத்தம், இத்தகைய தரகர்களின் பெயர்ப் பட்டியலை நீதிமன்றங்கள் வெளியிடவும், அவர்களைத் தண்டிக்கவும் இடமளிக்கின்றது. உண்மை வக்கீலுக்குத் தமிழ்நாடு, புதுச்சேரி வக்கீல் மன்றத்தில் பதிவு எண்ணும் ஆண்டும் உண்டு. அதைக் கேட்பதில் மரியாதைக் குறைவு எதுவுமில்லை. ஊரில் எவர் நம்பத்தக்கவர் என்று அறிய, நீதிமன்றத்துக்குச் சென்று நொடிப்பு மனுக்கள் எடுக்கப்படும் நாளில் பின்வரிசையில் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருப்பது நல்லது. எவர் கட்டோடு வருகின்றார், எவர் வாய்தா மட்டும் கேட்கின்றார் என்பது அங்கே எவருக்கும் விளங்கிவிடும். நாம் கண்டவரையில் இதற்கு நிகரான சிபாரிசுக் கடிதம் வேறில்லை.

சங்கத்தின் சட்ட ஆலோசகரிடம் போகலாமா என்று அங்கத்தினர்கள் கேட்பதுண்டு. கூடாது. சங்கமும் உங்களுக்குக் கடன் கொடுத்தவர்களுள் ஒன்று. ஒரு தரப்புக்கு ஆலோசனை சொன்னவர் அதே விவகாரத்தில் மறுதரப்புக்கு வாதாடுவது தொழில் ஒழுக்கத்துக்கு மாறானது. செயலாளர் நல்லெண்ணத்துடனே அவர் பெயரைச் சொன்னாலும், நீங்கள் வேறொருவரைப் பார்ப்பதே இருதிறத்தாருக்கும் நன்மை.

கட்டணம் பற்றிப் பேசக் கூச்சப்படுதல் நம் மக்களின் குணம். நீதிமன்றக் கட்டணம், ஒவ்வொரு கடன்காரருக்கும் நோட்டீஸ் செலவு, விளம்பரச் செலவு, நகல் செலவு, குமாஸ்தாவுக்குரியது, வக்கீலின் கட்டணம் என்று தனித்தனியாக எழுதி வாங்குங்கள். கொடுத்ததற்கு ரசீது பெறுங்கள். "உங்கள் கடனில் எவ்வளவு குறைகின்றதோ அதில் கால் பங்கு எனக்கு" என்று பேசும் வக்கீல் விதியை மீறுகின்றார். வழக்கின் முடிவைப் பொறுத்துக் கட்டணம் பேசுதல் அவர்களுக்குத் தடுக்கப்பட்டது. வெற்றுத்தாளில் கையொப்பமிட வேண்டா. மனுவில் கண்டவை உண்மை என்று உறுதி கூறுபவர் நீங்கள், வக்கீல் அல்லர். ஆதலின் அதைத் தமிழில் படித்துக் காட்டச் சொல்லி, பட்டியலில் பெயர்களும் தொகைகளும் சரியா என்று விரல் வைத்துப் பார்த்த பின்னரே ஒப்பமிடுங்கள்.

பணம் கொடுக்க இயலாதவர்க்கும் வழியுண்டு. 1987ஆம் ஆண்டுச் சட்டப் பணிகள் ஆணைக்குழுக்கள் சட்டத்தின்படி, பெண்கள், தாழ்த்தப்பட்ட வகுப்பினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், வெள்ளம் முதலிய பேரிடரில் சிக்கியவர்கள் ஆகியோர் வருமானம் எதுவாயினும் இலவச வக்கீல் பெறலாம். ஏனையோர் வருமான வரம்புக்கு உட்பட்டிருத்தல் வேண்டும். செங்கற்பட்டு மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவையோ வட்டக் குழுவையோ அணுகலாம். 15100 என்ற எண்ணிலும் கேட்கலாம். நெசவுக் குடும்பங்களில் கடன் பத்திரம் பெண்கள் பெயரிலும் இருப்பதால் இதனை இல்லத்தரசிகள் கவனிக்க வேண்டும். பணத்துக்கான டிக்கிரியில் பெண்களைக் கைது செய்தல் கூடாது என்பதும் சட்டமே.

கைதைப் பற்றிய அச்சமே பலரைத் தரகரிடம் துரத்துகின்றது. 1980இல் ஜாலி ஜார்ஜ் வர்கீஸ் வழக்கில் உச்சநீதிமன்றத்தின் சார்பில் நீதிபதி கிருஷ்ணய்யர் தந்த தீர்ப்பில், வறுமையால் கடன் கொடுக்க முடியாமற் போனதற்காக ஒருவரைச் சிறையிலிடலாகாது என்று விளக்கினார். கையில் இருந்தும் கெட்ட எண்ணத்தால் கொடாதவருக்கே சிறை. இரண்டாயிரம் ரூபாய்க்கு மேற்படாத டிக்கிரிக்குச் சிறைவாசம் இல்லவே இல்லை. இனி, மீட்டர் வட்டி, கந்து வட்டி, தண்டல் ஆகியவற்றில் சிக்கியவருக்கு நொடிப்பு மனுவைவிட 2003ஆம் ஆண்டின் அதிக வட்டித் தடைச் சட்டமே ஏற்றதாகலாம். மூன்று ஆண்டு வரை தண்டனை விதிக்கும் சட்டம் அது. வந்தவரிடம் நொடிப்பு வேண்டா என்று சொல்லத் தெரிந்த வக்கீலை நாம் மிகவும் மதிக்கின்றோம்.

மனுப் போட்ட அன்றே ஜப்தியும் ஏலமும் நின்றுவிடும் என்றும் எண்ண வேண்டா. மனு ஏற்கப்பட்டதை டிக்கிரி நிறைவேற்றும் நீதிமன்றத்துக்குத் தெரிவித்துத் தனியே விண்ணப்பிக்க வேண்டும். கைதுக்கு எதிரான பாதுகாப்பு உத்தரவும் தனியே கேட்டுப் பெற வேண்டியதே. இவற்றைச் செய்வதும் பேசிய கட்டணத்தில் சேர்ந்ததா என்று முன்னரே தெரிந்துகொள்ளுங்கள்.

எல்லாவற்றினும் பெரிய குறை வேறொன்று. நொடித்தவர் என்று தீர்ப்பளிக்கும்போதே, விடுவிப்புக்கு இத்துணைக் காலத்துக்குள் விண்ணப்பிக்க வேண்டும் என்று நீதிமன்றம் கெடு வைக்கின்றது. பலர் தீர்ப்பு வந்ததும் காரியம் முடிந்தது என்று வீட்டுக்குப் போய்விடுகின்றனர். வக்கீலும் அடுத்த வழக்கைப் பார்க்கின்றார். கெடு தவறினால் தீர்ப்பே ரத்தாகும்; கடன்காரர்கள் பழையபடி வாயிலில் வந்து நிற்பார்கள்; மறுபடி மனுப்போட நீதிமன்ற அனுமதி வேண்டும். ஆகவே மனுவை எழுதித் தருவதோடு நில்லாது, விடுவிப்பு உத்தரவு வரை நடத்துவதாகவே பேச்சு இருக்க வேண்டும். தீர்ப்பு நாளையும் கெடு நாளையும் வீட்டுச் சுவரிலேயே எழுதிவைத்தாலும் தவறில்லை.

விடுவிப்பும் கேட்டவுடன் கிடைப்பதன்று. ஈடற்ற கடனில் ரூபாய்க்கு எட்டணா அளவுக்கேனும் சொத்து இல்லையானால் முழு விடுவிப்பை நீதிமன்றம் மறுக்க வேண்டும் என்று இன்றும் அச்சட்டம் அணாக் கணக்கில் பேசுகின்றது. மேலே கண்ட நெசவாளருக்கு அது ஒரு லட்சத்து நாற்பதாயிரம். அவ்வளவு இல்லாவிடில், அக்குறை தம் பொறுப்பில் வந்ததன்று என்று அவர் காட்ட வேண்டும். புயலில் பாவு நனைந்ததும், ஏரி வற்றி நெல் கருகியதும், நோய்ச் செலவும் இங்கேதான் பயன்படும். ஆனால் ஆதாரம் வேண்டும். சூதாட்டம், வீண் ஆடம்பரம், தீராது என்று தெரிந்தே வாங்கிய கடன் ஆகியவை எதிராக நிற்கும். வியாபாரம் செய்தவர் முந்திய மூன்று ஆண்டுகளுக்கு முறையான கணக்கு வைக்காதிருப்பதும் குற்றமாக எண்ணப்படும். நூல் பற்று, துணி வரவு, கூலி ஆகியவை பதிந்த சங்கப் பாஸ்புத்தகத்தை அடுப்பங்கரையில் போட்டு வைப்பவர்கள் இதை யோசிக்க வேண்டும். அரசாங்கத்துக்குரிய கடனும், மோசடியால் பட்ட கடனும் விடுவிப்பால் தீர்வதில்லை.

இனி ஜாமீன்தாரர். நம் சங்கங்களில் ஒருவர் கடனுக்கு மற்றிருவர் கையொப்பமிடுவது வழக்கம். கடனாளி விடுவிக்கப்பட்டாலும் ஜாமீன்தாரர் விடுபடுவதில்லை என்று சட்டத்தின் 44ஆம் பிரிவு தெளிவாகச் சொல்கின்றது. அதாவது, நீங்கள் கரையேறும் நாளில் உங்கள் பக்கத்துத் தறிக்காரர் நீரில் இறங்குகின்றார். இதை முன்னதாக அவரிடம் சொல்லாமல் நோட்டீஸ் மூலம் அறியச் செய்தல் அறமன்று என்பது நம் அபிப்பிராயம். மேலும், 1983ஆம் ஆண்டுத் தமிழ்நாடு கூட்டுறவுச் சங்கங்கள் சட்டம், அங்கத்தினர் ஆவதற்குத் தகுதியற்றவருள் நொடித்தவரையும் சேர்த்துள்ளது. சங்கத்தின் வழியே நூலும் கூலியும் பெறும் நெசவாளருக்கு இது சிறு விஷயமா? தறி வீட்டில் நின்றும் பாவு வராவிடில் என் செய்வது? வக்கீலிடம் சங்கத்தின் பெயரைச் சொல்லி, இதன் விளைவை முதலிலேயே கேளுங்கள். பயிர் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் அழிந்த இடங்களில் குறுகிய காலக் கடனைத் தவணைக் கடனாக மாற்ற ரிசர்வ் வங்கியின் வழிமுறைகளில் இடமுண்டு. மக்கள் நீதிமன்றத்தில் பேசித் தீர்த்தால் அது டிக்கிரிக்குச் சமமாகும்; அதன்மேல் அப்பீல் கிடையாது. இவ்வழிகள் உள்ளவர் நொடிப்பை நாடாதிருத்தலே மேல்.

சங்கச் செயலாளர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். அங்கத்தினர் ஒருவரின் நொடிப்பு மனு நோட்டீஸ் வந்தால் அதைக் கோப்பில் கட்டி வைத்துவிட வேண்டா. குறித்த நாளில் சங்கத்தின் பாக்கியை நீதிமன்றத்தில் மெய்ப்பித்துப் பட்டியலில் சேர்க்க வேண்டும். சேர்க்காவிடில் ரிசீவர் பங்கிடும் தொகையில் சங்கத்துக்கு ஒன்றும் வாராது. மேல் முறையீட்டுக்குக் காலமும் குறுகியது: மாவட்ட நீதிமன்றத்துக்கு முப்பது நாள், உயர்நீதிமன்றத்துக்குத் தொண்ணூறு நாள். நோட்டீஸ் வந்த தேதியை உறையின்மேலேயே குறித்து, அடுத்த நிர்வாகக் குழுக் கூட்டத்துக்குக் காத்திராமல் தலைவருக்குக் காட்டிவிடுவது நலம்.